பதருன்னிசாவை இருமுறை குளிப்பாட்டியவர்

சைத்தூன் பீவியைக் கோவில்பட்டிப் பள்ளிவாசல் தெருவில் எவரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. சிறியவர் முதல் பெரியவர் வரை அனைவருக்கும் அவர் லாத்தா. தெருவுக்கே மூத்த அக்கா. கணவர் காலமான பிறகு, வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டி ஆலைக்குக் குச்சி அடுக்கிக் கொடுத்து வாழ்ந்து வந்தார். மருந்தில் முக்குவதற்கு முன், குச்சிகளைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக வரிசைப்பட நிறுத்தும் வேலை அது. அவருடைய விரல்கள் தாமாகவே ஓடும். கண்கள் வாசலில் போவோர் வருவோரைப் பார்த்துக்கொண்டிருக்கும். வாயோ எதிர்வீட்டுக்காரியின் கோழியைப் பற்றி வழக்காடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு பணியும் அவருக்கு உண்டு. அதற்குக் கூலி இல்லை, அவர் கேட்டதுமில்லை. தெருவில் பெண் ஒருத்தி இறந்துவிட்டால், அவளைக் குளிப்பாட்டிக் கபன் என்னும் வெள்ளைத்துணி உடுத்தி விடையனுப்புபவர் லாத்தாதான். வீட்டின் பின்கட்டில் நாற்புறமும் சேலைகளைத் திரையாகக் கட்டுவார்கள். நடுவே பலகை, பலகையின் கீழே, குளிப்பாட்டும் நீர் இறங்குவதற்கென்று ஒரு குழி. வேலை முடிந்ததும் அக்குழியை மூடிவிட வேண்டும். திரைக்குள் உதவிக்கு வரும் பெண்கள் நீர் மொண்டு கொடுப்பதோடு சரி. இறந்தவளின் உடலை ஒரு துணி மூடியே இருக்கும். லாத்தா தம் கையில் வேறொரு துணியைச் சுற்றிக்கொண்டு, மூடிய துணிக்குள்ளேயே கையை நுழைத்துத் துலக்குவார். அங்கே கண்ணுக்கு வேலை இல்லை. கைதான் பார்க்கும்.

அந்தக் கை முப்பது ஆண்டுகளில் எவ்வளவோ பார்த்திருந்தது. உயிரோடு இருந்தபோது எவரிடமும் காட்டாத தழும்புகள், மடித்துக் கட்டிய தாயத்துகள், ஒரு மூதாட்டியின் தோளில், வேறு ஏதோ ஒரு வாழ்க்கையில் குத்திக்கொண்ட பச்சைக்கோலம். திரை விலகியதும் வெளியே காத்திருக்கும் பெண்கள் வழக்கப்படி கேட்பார்கள்:

“லாத்தா, எப்படி இருந்தாவ?”

லாத்தாவும் வழக்கப்படி சொல்வார்:

“முகம் வெளிச்சமா இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல.”

எந்த வீடாயினும், எந்தச் சாவாயினும் அந்த விடை மாறியதில்லை. இறைவன் மூடி வைத்ததைக் குளிப்பாட்டுகிறவள் திறக்கக் கூடாது என்பது அவருக்கு முன்னால் அப்பணியைச் செய்தவர் விட்டுச்சென்ற கட்டளை. ‘லாத்தா கையில போனா மானத்தோட போகலாம்’ என்று தெருப்பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். சிலர் அவரிடமே வந்து, “எனக்கு நீங்கதான், மறந்துறாதீய” என்று, கல்யாணத்துக்கு நாள் குறிப்பவர்களைப் போல முன்கூட்டியே சொல்லியும் வைத்தார்கள். “மொதல்ல நீ போயிருவேன்னு யாருட்டி உனக்கு எழுதிக் குடுத்தது? நான் முந்திட்டா என்ன செய்வ?” என்று அவர் சிரிப்பார்.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு மாசி மாதம், கரிசல் காட்டில் பருத்தி வெடித்துக்கொண்டிருந்த நாள்களில், ஒரு விடியற்காலையில் பதருன்னிசா இறந்தார். பஞ்சாலையில் வேலை பார்க்கும் சுல்தானின் தாயார். சில வாரங்களாகவே வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கிடந்தார். கைகால் மதமதக்கிறது என்று சொல்லியிருக்கிறார். மகன் எவ்வளவோ வற்புறுத்தியும் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்துவிட்டார். நண்பகல் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று ஜமாஅத்தில் முடிவாயிற்று.

பின்கட்டில் திரை கட்டினார்கள். பலகையின் கீழே குழி வெட்டினார்கள். லாத்தா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, வாய்க்குள் ஓதியபடி வேலையைத் தொடங்கினார். தோளிலிருந்து மார்புக்கு இறங்கிய கை சட்டென்று நின்றது.

அங்கே ஒரு கட்டு இருந்தது. பழைய வேட்டிக் கிழிசலால் இறுகச் சுற்றிய கட்டு. அதன் கீழே கல்லைப்போல் ஒரு வீக்கம். வீக்கத்தின் நடுவே வாய் திறந்த புண். புண்ணின்மேல் ஏதோ பச்சிலையோடு அரைத்த வெண்சாந்து அப்பியிருந்தது. லாத்தாவின் வாய் ஓதுவதை நிறுத்தவில்லை. நீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மூடிய துணிக்குள்ளேயே கட்டை அவிழ்த்தார். சாந்தை ஒரு துளியும் எஞ்சாதபடி கழுவினார். புண்ணில் பஞ்சை வைத்துக் கற்பூரப் பொடியைத் தூவினார். அவிழ்த்த கிழிசலைச் சுருட்டிப் பலகைக்கடியில் குழிக்குள் நழுவவிட்டார். கபன் உடுத்தியானதும், “குழிய நானே மூடிருதேன்” என்று மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

திரை விலகியது. பெண்கள் கேட்டார்கள். லாத்தா வழக்கமான விடையைச் சொன்னார்.

உடலை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்க ஆண்கள் குனிந்த நேரத்தில்தான் குளத்தூரிலிருந்து பதருன்னிசாவின் தம்பி சம்சுதீன் வந்து சேர்ந்தான். உப்பளத்தில் கங்காணி, உரத்த குரல்காரன். பேருந்திலிருந்து இறங்கி ஓடி வந்த வேகத்தில் தலைப்பாகை தோளில் கிடந்தது.

“நிறுத்துங்கலே! யாரும் தொடாதீய! எங்க அக்காளுக்கு நோயுமில்ல, நொடியுமில்ல. போன வாரம் நான் வந்தப்பமே கொடலப் புடுங்குத மாதிரி வாந்தி எடுத்தாவ. யாரு கையால கஞ்சி குடிச்சாவ? கேளுங்க! அவகிட்டக் கேளுங்க!”

அவன் கை நீண்ட திசையில், கதவோரமாகச் சுல்தானின் மனைவி அமீனா நின்றிருந்தாள். மணமாகி மூன்றாண்டுகூட நிறையவில்லை. முக்காட்டுக்குள் இருந்த முகத்தில் ஓர் அசைவுமில்லை.

“வாய்க்கு வந்ததப் பேசாதீய மாமா” என்றான் சுல்தான்.

“நானா பேசுதேன்? பக்கத்து வீட்டுல கேட்டுப் பாரு. ‘இப்படியே கெடந்தா செத்துத்தான் போவீய’ன்னு ஒம் பொண்டாட்டி மாமியாரப் பாத்துக் கத்துனது இந்தத் தெருவுக்கே தெரியும். வீட்டுல இருக்குத ஒனக்கு மட்டும் தெரியாது!”

பக்கத்து வீட்டுக்காரி தலை குனிந்துகொண்டாள். அவள் மறுக்கவில்லை என்பதே போதுமானதாக இருந்தது. சம்சுதீன் நேரே காவல்நிலையத்துக்குப் போனான்.

சப்-இன்ஸ்பெக்டர் தூத்துக்குடிக்குப் பந்தோபஸ்துக்குப் போயிருந்ததால், பொறுப்பிலிருந்த ஏட்டு தவசி வந்தார். ஐயத்துக்குரிய சாவு என்று புகார் வந்துவிட்டால், ஊரார் ஐவரைப் பஞ்சாயத்தாராக உட்காரவைத்து, அவர்கள் முன்னிலையில் பிரேத விசாரணை நடத்த வேண்டும். உடலில் கண்ட குறிகளையும், இறந்த காரணம் இன்னதென்று அவர்களுக்குத் தோன்றுவதையும் எழுதி, கையொப்பம் வாங்க வேண்டும். ஜமாஅத் தலைவரான ஜவுளிக்கடை அப்துல் சுபஹானை முதலில் உட்காரவைத்தார். பிறகு தெருமுனைக்குப் போய், கடலைமிட்டாய்க் கடைத் தங்கச்சாமியைக் கையோடு அழைத்து வந்தார்.

“ஏட்டையா, போன மாசம் ரயில்ல அடிபட்டவனுக்கும் நான்தான் பஞ்சாயத்தாரு, கெணத்துல மெதந்தவனுக்கும் நான்தான். என் கடை டேசனுக்கு எதுத்தாப்புல இருக்கதுக்கு இதான் தண்டனையா?”

“கடைய மாத்திக்கோரும் அண்ணாச்சி. இப்பம் உக்காரும்” என்றார் ஏட்டு.

இன்னும் மூவர் சேர்ந்து ஐவரானார்கள். பெண்ணின் உடல் என்பதால் ஆண்கள் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார்கள். மற்றவற்றைக் குளிப்பாட்டியவரே கூறட்டும் என்று அப்துல் சுபஹான் கேட்டுக்கொண்டார். திரைக்கு அப்பால் லாத்தா, இப்பால் ஏட்டு.

“ஏம்மா, குளிப்பாட்டுனது நீங்கதான? ஒடம்புல காயம், வீக்கம், புண்ணு, கடிவாயி ஏதும் உண்டுமா?”

திரைக்கு இப்பால் அத்தனை ஆண்கள். மாமனார் முறை, மைத்துனர் முறை, மகன். பதருன்னிசா எவர் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று வேட்டிக் கிழிசலால் இறுகக் கட்டி வைத்திருந்தாரோ, அத்தனை பேரும் செவிகளைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முப்பது ஆண்டுப் பழக்கம் லாத்தாவின் நாவில் முந்திக்கொண்டது.

“முகம் வெளிச்சமா இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல.”

ஏட்டு எழுதினார், எழுதியதை உரக்கப் படித்தார்: “பிரேதத்தின் உடலில் காயமோ, வீக்கமோ, புண்ணோ, வேறு குறியோ காணப்படவில்லை.” லாத்தா சொன்னது அதுவாகத்தான் இருந்தது, ஆனால் அந்தக் குரலில் கேட்டபோது வேறு யாரோ சொன்னதைப் போலிருந்தது. திரைக்கு அடியில் மைப்பெட்டி வந்தது. பெருவிரலை ஒற்றிக் கொடுத்தார்.

“அப்பம் ஒடம்புக்கு மேல ஒண்ணுமில்ல” என்றார் ஏட்டு, பஞ்சாயத்தார் பக்கம் திரும்பி. “உள்ள போனதுதான் என்னமோ பண்ணிருக்கு. என்ன சொல்லுதீய?”

“கேட்டீயளா!” என்று சம்சுதீன் துள்ளி எழுந்தான். “லாத்தாவே சொல்லிட்டாவ! நோயே இல்லாத ஒடம்பு!”

“ஐயம் இருக்கு” என்று அப்துல் சுபஹான் மனமின்றிச் சொன்னார். மற்றவர்களும் தலையசைத்தார்கள்.

“அறுத்துப் பாக்காம விட முடியாது. கொடலு, ஈரலு எல்லாம் ஜாடியில போட்டுச் சென்னைக்குப் போகும். அங்கன ரசாயனப் பரிசோதகருன்னு ஒருத்தரு இருக்காரு. பாஷாணமா இருந்தா ஒரு பொட்டு ஒட்டிக்கிட்டிருந்தாலும் கண்டுபுடிச்சிருவாக.” ஏட்டு தாள்களை மடித்துக்கொண்டே அமீனாவின் பக்கம் பார்க்காமல் சொன்னார்: “வீட்டவிட்டு எங்கயும் போகக்கூடாதும்மா. நாளைக்கு ஐயா வந்துருவாரு. மிச்சத்த அவரு பேசிக்கிடுவாரு.”

பாஷாணம் என்ற சொல் திரைக்கு அப்பால் போய் லாத்தாவின் மேல் விழுந்தது. அவருடைய கணவருக்குக் காலில் ஆறாத புண் ஒன்று வந்தபோது, ஓட்டப்பிடாரம் சந்தையில் மருந்து விற்பவன் ஒருவன் பச்சிலையோடு அரைத்த வெண்சாந்தைக் கொடுத்து, “பாஷாணம் சேந்ததும்மா, தொட்டா கையக் கழுவிப்போடுங்க” என்று சொல்லியிருந்தான். அதே வெண்மை. அதே பிசுபிசுப்பு. இன்று காலையில் ஒரு துளியும் எஞ்சாமல் கழுவிவிட்டதும், குழிக்குள் தள்ளி மண்ணைப் போட்டதும் அவர் கைதான்.

உடலை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனார்கள். அன்று மாலை லாத்தா குச்சிச் சட்டத்தின்முன் உட்கார்ந்தார். குச்சிகள் நிற்கவில்லை. ஒன்று சாய்ந்தால் பக்கத்தில் நான்கு சாய்ந்தன. கையை முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் தொடங்கினார், மறுபடியும் கலைந்தது. பெருவிரலின் மை சோப்புக்குப் போகவில்லை, சாம்பலுக்கும் போகவில்லை. அறுக்கப்போகிறவர்கள் புண்ணைக் காண்பார்கள். அது அவருக்குத் தெரிந்தது. ஆனால் புண்ணின்மேல் இருந்த மருந்தைக் காணமாட்டார்களே. ஈரலில் பாஷாணம்; அது வந்த வழி கஞ்சிச் சட்டி ஒன்றுதான் என்று ஆகிவிடுமே. எழுந்தார், அடுப்பில் உலை வைத்தார், அரிசி போட மறந்து நீரைக் கொதிக்கவிட்டார், அடுப்பை அணைத்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் சுல்தான் வீட்டுப் பின்வாசலில் நின்றார்.

அமீனா தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்திருந்தாள். மூடிய குழி, அவள் காலடியில், ஈரம் காயாமல் கன்னங்கரேலென்று இருந்தது.

“ஏட்டி, ஒனக்குத் தெரியுமா?” என்று லாத்தா தாழ்ந்த குரலில் கேட்டார்.

அமீனா எதைப் பற்றி என்று கேட்கவில்லை.

“நான்தான் கட்டுப் போட்டு விடுவேன். தெனமும்” என்றாள். “ஆறு மாசமா. மொதல்ல நெல்லிக்கா மாதிரி இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு கெஞ்சுனேன். ‘ஆம்பள டாக்டரு முன்னால நான் மாரத் தொறந்து காட்டவா’ன்னுட்டாவ. ஓட்டப்பிடாரம் சந்தையில மருந்து விக்குத ஆளுகிட்ட வாங்கிட்டு வந்தாவ. வாந்தி அதுக்கப்புறந்தான். ‘இப்படியே கெடந்தா செத்துத்தான் போவீய’ன்னு நான் கத்துனது நெசம் லாத்தா. வாயில வந்துருச்சு. கேட்டவிய அதுதான் கேட்டாவ. அதுக்கு முன்னால ஒரு மணி நேரம் அழுததக் கேக்கல.”

“அத ஏட்டுகிட்டச் சொல்லுததுக்கு என்ன?”

“குர்ஆன் மேல கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிட்டாவ. மகனுக்குத் தெரியக்கூடாதாம். தெருவுக்குத் தெரியக்கூடாதாம்.”

“நாளைக்கு ஒன்னக் கூட்டிட்டுப் போயிருவாக.”

“போனாப் போகட்டும்” என்றாள் அமீனா. ஆனால் சொல்லும்போது அவள் பற்கள் ஒன்றோடொன்று மோதும் ஒலி கேட்டது. பிறகு லாத்தாவின் கையைப் பற்றிக்கொண்டாள். “நீங்களும் சொல்லிறாதீய. நம்மள நம்பித்தான போயிருக்காவ.”

லாத்தா கையை உருவிக்கொண்டு வீடு திரும்பினார். அன்றிரவு பாயை மூன்று இடங்களில் மாற்றி மாற்றி விரித்தார் என்று மட்டும் சொன்னால் போதும்.

விடிந்ததும் காவல்நிலையத்துக்குப் போனார். அந்தப் படிகளில் அவர் கால் வைத்தது அதுவே முதல்முறை. ஏட்டு தவசி வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

“நேத்துச் சொன்னது சரியில்ல ஏட்டையா. மாத்தி எழுதணும்.”

ஏட்டு உமிழ்ந்துவிட்டு நிமிர்ந்தார். “மாத்தி எழுதணுமா? இது என்ன, பலசரக்குச் சிட்டையாம்மா? ரேகை வச்சிருக்கீய. அஞ்சு பேரு கையெழுத்துப் போட்டிருக்காக. பொய் சொன்னதா ஆனா, ஒங்க மேலயே வழக்கு வரும், தெரியுமா?”

“வரட்டும். எழுதுங்க.”

லாத்தா நின்றபடியே சொன்னார். மார்பு என்ற சொல் வந்த இடத்தில் அவர் குரல் நின்றுபோயிற்று. சுவரில் தொங்கிய சங்கிலியைப் பார்த்துக்கொண்டு, அந்தச் சொல்லைச் சொல்லி முடித்தார். ஏட்டு வேப்பங்குச்சியைத் தூர எறிந்தார்.

“இத நேத்தே சொல்லிருந்தா...”

“அத்தன ஆம்பளைக முன்னால, மகன் முன்னால எப்படிச் சொல்ல? நீங்க சொல்லுவீயளா, ஒங்க அம்மாவப் பத்தி?”

ஏட்டு வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, சட்டையை மாட்டிக்கொண்டார்.

“டாக்டரு அறுக்கதுக்கு முன்னால ஒரு சீட்டு எழுதி அனுப்புதேன், புண்ணுல மருந்து இருந்துச்சுன்னு. ஆனா வெறும் வாய்ச்சொல்லு நிக்காது. அந்தத் துணி வேணும். பஞ்சாயத்தாரு முன்னாலதான் தோண்டணும்.”

“தோண்டுங்க. ஆனா எந்த எடத்துப் புண்ணுன்னு அவியகிட்டச் சொல்ல வேண்டாம் ஏட்டையா. ஒங்க தாளுல எழுதிக்கிடுங்க. அவியளுக்குப் புண்ணுன்னு மட்டும் போதும்.”

ஏட்டு சட்டைப் பொத்தானைப் போட்டார். “வாசிச்சுக் காட்டாம கையெழுத்து வாங்கப்படாது. ஆனா துணியத் தோண்டி எடுத்ததுக்குத் தனி மகஜருப் பத்திரம். அதுல எடத்தப் பத்திப் பேச்சே வராது. ஒங்க வாக்குமூலம் எங்கிட்ட இருக்கும்.”

பின்கட்டில் ஐவர் மீண்டும் கூடினார்கள். கரிசல் மண் ஓர் இரவில் நீரையெல்லாம் குடித்துவிட்டு, குழிக்குள் பிசைந்த மாவாக இறுகியிருந்தது. மண்வெட்டி போட்டால் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. லாத்தாவே குழியருகே உட்கார்ந்து, கையை உள்ளே விட்டுத் துழாவினார். தோண்டி எடுத்த கிழிசல் ஒரு கருப்பு உருண்டையாக இருந்தது. ஏட்டு அதைப் பிரித்தார். உள்மடிப்பில், மண் தொடாத இடத்தில், வெண்சாந்து காய்ந்து ஒட்டியிருந்தது.

தங்கச்சாமிக்கு அன்று கேலிப்பேச்சு வரவில்லை. “இம்புட்டையும் ஒடம்புல பூசிக்கிட்டா மனுசி இருந்தா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். துணியைக் கண்ணாடிக் குப்பியில் இட்டு, அரக்கு வைத்து முத்திரை போட்டார்கள்.

சுல்தான் சுவரோரமாக நின்றிருந்தான். எல்லோரும் போன பிறகு லாத்தாவின் முன் வந்தான்.

“எங்க புண்ணு?”

லாத்தா மண் அப்பிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

“சொல்லுங்க லாத்தா. எல்லாத்தையும் டேசன்ல சொல்லிட்டீயல்ல? எங்கிட்டச் சொல்ல என்ன? எங்க அம்மா எந்த எடத்த மறைச்சு வச்சான்னு இனி டீக்கடையில நான் கேட்டுத் தெரிஞ்சிக்கிடணுமா?” தோண்டிய மண்ணைக் காலால் குழிக்குள் தள்ளினான். “அம்மா ஆஸ்பத்திரியில இருந்து திரும்பி வருவா. நீங்க தொட வேண்டாம். வேற ஆளு பாத்துக்கிடுதோம்.”

லாத்தா மண் அப்பிய கையோடு வீட்டுக்கு நடந்தார். பிற்பகலில் ஆஸ்பத்திரி வண்டி வந்து சேர்ந்த ஓசை கேட்டது. அவர் வாசலுக்கு வந்தார், உள்ளே போனார், மீண்டும் வாசலுக்கு வந்தார். தெருவில் பெண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அறுத்துத் தைத்த உடலை இதற்குமுன் அந்தத் தெருவில் எவரும் குளிப்பாட்டியதில்லை. மேலத்தெருவிலிருந்து அழைத்து வந்த பெண் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, தலை சுற்றுகிறதென்று தள்ளாடி வெளியே வந்துவிட்டாளாம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அந்திக்குள் அடக்கியாக வேண்டும்.

அமீனா முக்காட்டை இறுக்கிக்கொண்டு, வீட்டைவிட்டுப் போகக்கூடாது என்ற கட்டளையை மீறி, தெருவின் நடுவே நடந்து லாத்தாவின் வாசலுக்கு வந்தாள்.

“வாங்க” என்றாள்.

“ஒம் புருசன் வேண்டாம்னுட்டான்.”

“அவிய சொன்னாவ. மாமி சொல்லல. வாங்க லாத்தா, நான் தண்ணி ஊத்துதேன்.”

சுல்தான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். வழிவிடவும் இல்லை, மறிக்கவும் இல்லை. லாத்தா ஒதுங்கி உள்ளே போனார்.

மீண்டும் திரை, மீண்டும் பலகை, அதே இடத்தில் மீண்டும் குழி. மூடிய துணிக்குள் கை போயிற்று. கழுத்தின் கீழிருந்து வயிறு வரை சாக்குத் தைத்ததைப் போல் ஒரு தையல். நேற்று அவர் பஞ்சு வைத்த இடத்தில் பஞ்சு இல்லை. வேறு பஞ்சு எடுத்து வைத்தார். தையல்மேல் விரல் படாமல், நீரை மட்டும் ஓடவிட்டார். இம்முறை வாய் ஓதிக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் தொங்கியது. துடைக்கக் கை இல்லை. அமீனா எட்டித் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

திரை விலகியபோது பெண்கள் நின்றிருந்தார்கள். எவரும் எதையும் கேட்கவில்லை. விடையும் தேவைப்படவில்லை. அந்தி வெளிச்சத்தில் பதருன்னிசாவை எடுத்துப்போனார்கள்.

வழக்கு அன்றோடு முடிந்துவிடவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் வந்து லாத்தாவை நிற்கவைத்துத் திட்டினார். சென்னையிலிருந்து மறுமொழி வரும்வரை அமீனாவைக் கைது செய்யவுமில்லை, விடுவிக்கவுமில்லை. பஞ்சாயத்து போர்டு அலுவலகத்தின் சாவுப் பதிவில், பதருன்னிசாவின் பெயருக்கு நேரே காரணம் எழுத வேண்டிய கட்டம் வெறுமையாகக் கிடந்தது. எழுத்தர் பென்சிலால் ‘விசாரணையில்’ என்று மட்டும் குறித்திருந்தார். அந்த வெறுமை தெரு முழுவதையும் அரித்தது. தபால்காரர் காவல்நிலையப் பக்கம் திரும்பினாலே பெண்கள் கதவிடுக்கில் நின்றார்கள். அமீனா சமைத்த சோற்றைச் சுல்தான் உண்டான். ஆனால் அவள் உண்ட பிறகு உண்டான். வேண்டுமென்று செய்தானோ, பழக்கமாகிவிட்டதோ, அவனுக்கே தெரியாது. லாத்தாவுக்குக் குச்சிச் சட்டம் பழையபடி கைவரவில்லை. ஆலைக் கணக்கர் இருமுறை திருப்பியனுப்பினார்.

ஆடிக் காற்றில் கரிசல் புழுதி வானத்தை மறைத்துக்கொண்டிருந்த நாளில் மறுமொழி வந்தது. ஈரலிலும் பாஷாணம், துணியிலும் பாஷாணம். இரைப்பையில் உணவோடு கலந்து இல்லை. ஆறாத புண்ணின் வழியே மருந்து உடலில் ஏறியிருக்கக் கூடும் என்று டாக்டர் கருத்துரைத்தார். மேல்நடவடிக்கை தேவையில்லை என்று வழக்கை முடித்தார்கள். சந்தையில் மருந்து விற்றவனைத் தேடினார்கள். அவன் ஓட்டப்பிடாரத்துப் பக்கம் வருவதையே விட்டிருந்தான். எழுத்தர் பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, மையால் காரணத்தை எழுதினார். சுல்தான் அந்த அலுவலகத்தில் நின்று, எழுத்தர் விரல் வைத்துக் காட்டிய வரியைப் படித்தான். வீட்டுக்கு வந்து, அமீனாவுக்கு முன்னதாகத் தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

தெரு மட்டும் லாத்தாவை மன்னிக்கவில்லை. அவரால் ஓர் உயிர் பிழைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். எதிரே கண்டால் நலம் கேட்டார்கள். ஆனால் அடுத்த சாவுக்கு மேலத்தெருப் பெண்ணை அழைத்தார்கள். அதற்கடுத்த சாவுக்கும் அவளைத்தான் அழைத்தார்கள். “எனக்கு நீங்கதான்” என்று சொல்லிவைத்தவர்கள் அந்தப் பேச்சை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். திரைக்குள் கண்டதை ஒருமுறை சொன்ன வாய், மறுமுறையும் சொல்லும் என்பது அவர்கள் அச்சம். லாத்தா அதைத் தவறென்று எண்ணவில்லை. தாமாக இருந்தாலும் அப்படித்தான் அஞ்சியிருப்பார். அதனாலேயே அது ஆறவில்லை.

மறு ஆண்டு பருத்திக் காலத்தில், ஒரு முற்பகலில், வாசலில் நிழல் தட்டியது. சம்சுதீனின் மனைவி. குளத்தூரிலிருந்து தனியாகப் பேருந்தில் வந்திருந்தாள். மருமகன் சுல்தானைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தாளாம். அவன் வீட்டுக்கு இன்னும் போகவில்லை.

“உள்ள வா. என்ன விசேசம்?”

அவள் உட்காரவில்லை. கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முந்தானைக்குள் ஒரு கையை வைத்தபடி, “லாத்தா, எனக்கும் இங்கன...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். “இன்னும் நெல்லிக்கா அளவுதான். அவியகிட்டச் சொல்லல.”

லாத்தாவின் கையிலிருந்த குச்சிகள் மடியில் சிதறின.

“எங்கிட்ட ஏன் வந்த? எங்கிட்டச் சொன்னா நான் சொல்லிருவேன்னு ஊரே சொல்லுதே.”

“அதுக்குத்தான் வந்தேன்” என்றாள் அவள். “என்னால அவியகிட்டச் சொல்ல முடியல. டாக்டரு முன்னால போனா வாயே வராது. நீங்க சொல்லிருவீயல்ல?”

லாத்தா பாதி நிறைந்த சட்டத்தை அப்படியே சுவரோரம் தள்ளினார். மடியிலிருந்த குச்சிகளை உதறிவிட்டு எழுந்து, கொடியில் கிடந்த வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

“ஆஸ்பத்திரி பன்னண்டு மணிக்கு மூடிருவான். செருப்பக் கழத்தாத, வா” என்றார்.